வெட்டுக்காயப்பூண்டின் முதல் சொட்டு

பூஞ்சேரிப் பக்கம் சடையப்பனின் கல் பட்டறையில் யாருக்காவது கை கிழிந்தால் தண்ணீரைத் தேட மாட்டார்கள், துணியைத் தேட மாட்டார்கள், சாராளைத் தேடுவார்கள். சுவரில் சிவப்புச் சிலுவை போட்ட முதலுதவிப் பெட்டி ஒன்று தொங்கத்தான் செய்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு அதிகாரி வந்து கேட்டார் என்று வாங்கி மாட்டியது. திறந்தால் துருப்பிடித்த கத்தரிக்கோல், தேதி போன பஞ்சு, சடையப்பனின் பீடிக்கட்டு மூன்றும் இருக்கும். பட்டறையின் நிஜமான முதலுதவிப் பெட்டி துடைப்பமும் கையுமாகக் கல் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தது.

சாராளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பட்டறையைப் பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, டீ வாங்கி வருவது அவள் வேலை. அதற்கு முன் இருபது வருஷம் அடுத்தவர் வயலில் அறுப்பு அறுத்தவள். மருந்தை யாரும் அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அறுக்கும்போது அரிவாள் பட்டால் வரப்பில் கிடப்பதைப் பிடுங்கிக் கசக்கி வைத்துவிட்டு மறுபடி குனிய வேண்டியதுதான். நின்றால் அவள் நிரை மட்டும் பின்தங்கிப் போகும். அப்படிக் கை தெரிந்துகொண்டது அது. நீளக் காம்பின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு மஞ்சள் பூ வைக்கும் வெட்டுக்காயப்பூண்டு, சிரங்குக்குக் குப்பைமேனி, அடிபட்ட வீக்கத்துக்கு வதக்கிய நொச்சி, மூட்டு வீங்கினால் வேலிப்பருத்தி, உள்வலிக்கு எருக்கிலை ஒத்தடம். எல்லாம் யாரும் தண்ணீர் ஊற்றாத காய்ந்த மேட்டில் தானாக முளைப்பவை. தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியில் மருந்து இறங்காது என்பது அவள் கட்சி.

அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, முதல் சொட்டைக் காயத்தில் விடுவாள். விட்டதும் கேட்பாள், "எரியுதா?" எரிகிறது என்றால் சதைக்கு உயிர் இருக்கிறது, மருந்து பிடிக்கும். மூன்றாம் நாள் அரிக்க வேண்டும். ஐந்தாம் நாள் கட்டை அவிழ்க்க வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய வைத்திய சாஸ்திரம். ஒரே ஒரு தடவை, ராமதாஸ் என்கிற பார வண்டிக்காரரின் இரண்டு விரல்கள் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கி நசுங்கியபோது, முதல் சொட்டு விட்டும் அவர் எரியவில்லை என்றார். சாராள் இலையைக் கீழே போட்டாள்.

"எரியாத காயத்துக்கு எங்கிட்ட மருந்து இல்ல. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ," என்றாள். ராமதாஸ் போனார். விரல் இரண்டு போனாலும் கை தப்பியது. அன்றிலிருந்து அவள் சட்டத்துக்குப் பட்டறையில் மரியாதை கூடிப்போனது.

சட்டத்தோடு ஒரு பழக்கமும் உண்டு. சொட்டு விடுவதற்கு முன் அடிபட்ட கையைத் தன் அக்குளுக்குள் இடுக்கிக்கொள்வாள். ஏனென்றால் எல்லோரும் இழுப்பார்கள். எட்டடி யாளியையும் அலுங்காமல் செதுக்குகிற ஆனந்தன் ஒரு முறை இழுத்த இழுப்பில் சாராள் கல் தூளில் உருண்டாள். ஒரு மாதம் பட்டறை அதைச் சொல்லிச் சிரித்தது. ஆனந்தனும் வெட்கத்தோடு சிரித்தான்.

இனி அவள் வீட்டுக்காரர். ஏசுபாதம் அதே பட்டறையில் பாலிஷ் வேலை. அவர் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிள்ளையார்களும் அம்மன்களும் சிங்கப்பூர் வரைக்கும் போயிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், வாரம் ஆறு நாள் பிள்ளையாரின் தொந்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தரப்பிலும் யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பாலிஷ் என்றால் தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். காலடியில் எப்போதும் சாம்பல் நிறத்தில் கல் சேறு நிற்கும். செருப்புப் போட்டால் வழுக்கும் என்று பாலிஷ்காரர்கள் வெறுங்காலோடு நிற்பார்கள். காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் அந்தக் கால் காய்ந்த தரையைப் பார்க்கும்.

இரண்டு வருஷம் முன்னால் சபையில் நடந்த மருத்துவ முகாமில் அவருக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நினைப்பு வந்தால் போட்டுக்கொள்வார். அவருக்குச் சர்க்கரை என்றால் பயம் இல்லை, ஆஸ்பத்திரி என்றால்தான் பயம். அவர் அண்ணன் ஞானமணி கால்விரலில் புண் என்று உள்ளே போய் முழங்காலோடு கால் எடுபட்டு வெளியே வந்தவர். பிறகு ஒன்றரை வருஷம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார், போகிற வருகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு. ஒரு நாள் அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் தொடங்கிய வாரம். வேலை முடிந்து ஏசுபாதம் வீட்டுக்குள் வந்து தண்ணீர்ப் பானையிடம் போனார். அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்த சாராள், வாசலிலிருந்து பானை வரைக்கும் சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஆறு காலடி பதிந்திருப்பதைப் பார்த்தாள்.

"இன்னாயா, கால்ல மருதாணி வெச்சினு வந்துகிற?" என்று கேலி பண்ணினாள்.

அவர் குனிந்து பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் வெளுத்தது. பிறகு, இப்போதுதான் வாசலில் எதுவோ குத்தியிருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். சாராளும் சிரித்தாள். ஆணி ஏறினாலும் தெரியாத ஜென்மம் என்று திட்டிக்கொண்டே அவரை உட்கார வைத்துக் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். பெருவிரலுக்குக் கீழே, தடித்த தோலில், வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுக்குக் கறுப்புக் கல் சில்லு ஒன்று புதைந்திருந்தது. ஊக்கை நெருப்பில் காட்டி அதை நெம்பி எடுத்தாள். வேலிக்குப் போய்ப் பூண்டு பறித்து வந்து கசக்கினாள். முதல் சொட்டு விட்டாள்.

"ஸ்ஸ்ஸ்," என்றார் ஏசுபாதம். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எரியுதா?"

"நெருப்பாட்டம் எரியிதுடி."

சாராளுக்கு நிம்மதி. கட்டுப் போட்டாள். மறுநாள் பட்டறையில் பெருமை தாங்கவில்லை அவளுக்கு. ஆனந்தனுக்கு மருந்து வைக்க ரெண்டு ஆள் பிடிக்க வேண்டும், எங்கள் வீட்டு ஆளுக்கு விரல்கூட அசையவில்லை, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது கால் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். ஆனந்தன் கும்பிட்டுக் காட்டினான். ஏசுபாதம் பிள்ளையாரின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

மூன்றாம் நாள் அரிக்கிறது என்றார். ஐந்தாம் நாள் சாராள் கட்டை அவிழ்த்தபோது காயத்தின் வாய் மூடி, மேலே மெல்லிய புதுத் தோல் கட்டியிருந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். மூடிய வாய்க்குள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க அவள் சட்டத்தில் நான்காவது கேள்வி இல்லை. ஏசுபாதம் மறுபடி கல் சேற்றில் இறங்கினார்.

எட்டாம் நாள் பாதம் வீங்கியது. மேல்புறம் சிவந்து மினுமினுத்தது. சாராள் கவலைப்பட்டாள், ஆனால் பயப்படவில்லை. வீக்கத்துக்கு அவளிடம் மருந்து இருந்தது. கோடை தொடங்கி வேலியோரமெல்லாம் கருகிப்போயிருந்ததால், வெயிலேறுமுன் கிளம்பி, பிளாட் போட்டுக் கல் நட்டு வைத்திருந்த தரிசுக்குப் போனாள். மஞ்சள் வர்ணம் பூசிய நம்பர் கற்களுக்கு நடுவே அலைந்து அலைந்து, ஓர் ஓரத்தில் நொச்சியையும் கொஞ்சம் வேலிப்பருத்தியையும் கண்டுபிடித்தாள். பட்டறையில் ஊரான் காயத்துக்குக் கைக்கெட்டிய இலையைப் பறிக்கிறவள், வீட்டுக்காரருக்காகப் பூச்சி அரிக்காத இலையாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தாள். காலில் நெருஞ்சி குத்தியது. அவளுக்கு வலித்தது, ஆனால் அதை யார் கவனித்தார்கள்.

வதக்கிக் கட்டியும் வீக்கம் வடியவில்லை. அன்று ராத்திரி எருக்கிலையை விளக்கெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டி ஒத்தடம் கொடுத்தாள். தன் விரல் தாங்காமல் இலையைக் கைமாற்றிக்கொண்டே, "சூடு தாங்குதாயா?" என்று கேட்டாள்.

"எதமா கீது. இன்னும் கொஞ்சம் வெய்யி," என்றார்.

வைத்தாள். இன்னும் கொஞ்சம் வைத்தாள். காலையில் பாதத்தின் மேல் இரண்டு பெரிய கொப்புளங்கள் இருந்தன. உள்ளே கெட்ட நீர் வெளியே வருகிறது, மருந்து அதை இழுத்துக்கொண்டு வருகிறது என்று சாராள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பிற்பாடு நினைத்து நினைத்து அவள் தன்னைத்தானே அறைந்துகொள்ளப் போகிறாள். ஆனால் அன்று காலை அவள் சந்தோஷப்பட்டாள் என்பதுதான் உண்மை.

பத்தாம் நாள் அவளுக்கே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஏசுபாதம் வேலைக்குப் போகவில்லை. உடம்பு லேசாகக் காய்ந்தது. சோறு வேண்டாம் என்றார். ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்துவிடலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"நீதானடி சொல்வ, எரியாத காயத்துக்குத்தான் ஆஸ்பத்திரின்னு," என்றார் அவர். "எனக்குத்தான் எரிஞ்சிகினு கீதே. உன்னைவிட அவங்க இன்னா பெருசா பண்ணிடப் போறாங்க?"

அவள் வாயை அவள் சட்டத்தைக் கொண்டே அடைத்துவிட்டார். எந்த மனைவிக்குத்தான் அந்தப் பேச்சு இனிக்காது. சாராள் புதிதாகப் பூண்டு பறித்து வந்து கொப்புளம் உடைந்த இடத்தில் பிழிந்தாள். அவர் "ஸ்ஸ்ஸ்" என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். கால் அவள் மடியில் சாதுவாகக் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. படூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் வேலை பார்க்கும் மகள் ஜாய்ஸ் கோயில் முடிந்து நேராக வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் உள்ளே வராமல் அப்படியே நின்றுவிட்டாள். கை தானாக முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தியது.

"இன்னாம்மா இது நாத்தம்?"

சாராள் புரியாமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். எலி கிலி செத்திருக்குமோ என்றாள். பன்னிரண்டு நாளாக அந்த வீட்டிலேயே சமைத்து, தின்று, படுத்தவளின் மூக்குக்கு அந்த நாற்றம் பழகிப்போயிருந்தது. அதிலும் நொச்சியும் விளக்கெண்ணெயும் சேர்ந்து அதை மூடி வைத்திருந்தன. ஜாய்ஸ் அப்பாவின் கட்டைப் பார்த்தாள். அவிழ்க்கவில்லை. வெளியே போய் ஆட்டோவோடு வந்தாள்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ஏசுபாதம் முனகினார். காலுக்காக அல்ல. அங்கே வேண்டாம், வேற எங்கயாவது போகலாம் என்று குழந்தைபோல முனகினார். ஜாய்ஸ் ஆட்டோக்காரரை வேகமாகப் போகச் சொன்னாள்.

காலைப் பார்த்தது ஒரு இளவயசு டாக்டரம்மா. கட்டை அவிழ்த்தபோது அவள் முகம் மாறவில்லை. அதற்கே சாராள் அவளை மனசுக்குள் வாழ்த்தினாள். பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. மேலே கொப்புளம் உடைந்த இடம் வெந்த சதையாக இருந்தது. இங்கே எப்படிச் சுட்டுக்கொண்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். சாராள் ஒத்தடம் என்றாள். டாக்டரம்மா தலையாட்டினாள், திட்டவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் குச்சியை எடுத்தாள். அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"கண்ண மூடிக்குங்க ஐயா. நான் தொடும்போதெல்லாம் 'இப்போ'ன்னு சொல்லணும்."

ஏசுபாதம் கண்ணை மூடினார். டாக்டரம்மா முதலில் புண் இல்லாத காலில் ஆரம்பித்தாள். பெருவிரலில் வைத்து அழுத்தினாள், இழை வளைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குதிகாலில் அழுத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை. பாதத்தின் நடுவில், ஓரத்தில், சுண்டுவிரலில். அந்த அறையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சீட்டில் எழுதத் தொடங்கினாள்.

"இப்போ," என்றார் ஏசுபாதம்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். அவள் கையில் பேனாதான் இருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்த ஏசுபாதம், கொஞ்சம் விட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவர்போல மறுபடி, "இப்போ," என்றார்.

ஜாய்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாராளுக்கு முதல் "இப்போ"வில் விளங்கவில்லை. இரண்டாவதில் எல்லாம் விளங்கிவிட்டது. சிவப்பு அடி ஆறும், ஒரு கண்ணை மூடிய "ஸ்ஸ்ஸ்"ஸும், எதமா கீது என்றதும், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவள்முன் நின்றன. சர்க்கரை வியாதி கால் நரம்பைச் செத்துப்போகப் பண்ணிவிடும், ஆணி ஏறினாலும் நெருப்புப் பட்டாலும் தெரியாது என்று டாக்டரம்மா ஜாய்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. இன்னும் பத்து நாள் முன்னால் வந்திருக்கலாம் என்றும் சொன்னாள். குற்றம் சொல்கிற குரலில் அல்ல. மழை வந்திருக்கலாம் என்பது மாதிரித்தான் சொன்னாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள். அன்று மத்தியானம், காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, சாராள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவனை இந்த வார்டில் வைத்து நாலு அறை அறைய வேண்டும்போல ஆத்திரம்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன வருசம். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டாண்ட நடந்துகினு கீறேன். பின்னாலேர்ந்து ஒர்த்தன் ஓடியாந்து, அண்ணாத்த உன் செருப்புன்னு எடுத்துக் குடுக்கிறான். கழண்டதே எனக்குத் தெர்ல. வெறுங்கால்ல ரோட்ல போய்கினு கீறேன்."

"அப்ப எரியிதுன்னு ஏன்யா சொன்ன?"

"எரியலன்னா நீ அனுப்பிடுவ. ராமதாஸ அனுப்பின மாதிரி. அண்ணன் வந்த எடத்துக்கு." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அதுவுமில்லாம, நீ அந்தச் சொட்ட வுட்டுட்டு என் மூஞ்சப் பாப்ப பாரு சாரா. இல்லன்னு சொல்ல வாய் வர்ல."

சாராள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்போதுதான் அழுதாள்.

காலை எடுத்தார்கள். ஆனால் விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் ஏறியிருந்தது. சிறுநீரகம் நின்றது, ஜுரம் இறங்கவில்லை. டாக்டரம்மா தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள்; முறை முடிந்து வீட்டுக்குப் போகும்போதுகூட ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒன்பதாம் நாள் காலையில், சாராள் டீ வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில், ஏசுபாதம் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஜாய்ஸ் படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். தன்னை அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார், தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் சாராளுக்குத் தோன்றியது.

துக்கம் விசாரிக்க ஊரே வந்தது. பட்டறை மூடி எல்லோரும் வந்தார்கள். சடையப்பன் மாலையோடு வந்து, அவர் பளபளப்பாக்கிய கல்லெல்லாம் இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்று சொல்லி அழுதார். அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு அவர்கள் பேசியதுதான் சாராளைக் கொன்றது. நீ வைத்த மருந்தில் காயம் வாய் மூடியதை நாங்களே கண்ணால் பார்த்தோம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் உன் கைமருந்திலேயே விட்டிருந்தால் மனுஷன் இன்னும் இருந்திருப்பார் என்றார்கள். ஜாய்ஸைக்கூட ஓரக்கண்ணால் பார்த்தார்கள், அவசரப்பட்டுத் தூக்கிக்கொண்டு போனவள் இவள்தான் என்று. சாராள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது. என் புருஷன் பொய் சொன்னான் என்றா. வெந்த காலில் நான் இன்னும் கொஞ்சம் சூடு வைத்தேன் என்றா. வாயை மூடிக்கொண்டாள். மகள்மேல் விழுந்த பழியைத் துடைக்காமல் விட்டது தனியாக உள்ளே கிடந்து அறுத்தது.

ஈஸ்டர் கழிந்து மறுபடி பட்டறைக்குப் போனாள். பெருக்கினாள், தண்ணீர் பிடித்தாள். மருந்து மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டாள். துக்கத்தில் இருக்கிறாள், கொஞ்ச நாள் போகட்டும் என்று அவர்களும் விட்டார்கள். ஏசுபாதம் நின்ற இடத்தில் இப்போது வேறொருவர் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். அவரும் வெறுங்கால்தான். கல் சேறு வழிந்து ஓடிக் காய்கிற ஓரத்தில் வெட்டுக்காயப்பூண்டு அடர்ந்து மஞ்சளாகப் பூத்திருந்தது. சாராள் துடைப்பத்தை அந்தப் பக்கமே கொண்டுபோவதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, ஆனந்தனுக்கு உளி வழுக்கி இடது கைக் கட்டைவிரலுக்குக் கீழே கிழித்தது. ஆழம் இல்லை, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. சாராள் முன்னால் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அவன் அசையவில்லை.

"அண்ணாத்தைய அனுப்பின எடத்துக்கு என்னையும் அனுப்புறியாக்கா?" என்றான். "கைய வெட்டிட்டாங்கன்னா நான் உளி புடிக்கிறது எப்டி?"

எட்டடி யாளியைச் செதுக்குகிறவனின் கண்ணில், கால் போன ஞானமணி உட்கார்ந்திருந்த வாசற்படி தெரிந்தது. இந்தப் பயத்தை விதைத்துவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கிறேன் என்று நினைத்தாள். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, கல் சேற்றோரம் போய்க் குனிந்து ஒரு கொத்துப் பூண்டைக் கிள்ளினாள். கழுவினாள். அவன் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். இலையைக் கசக்கி முதல் சொட்டை விட்டாள்.

அக்குளில் இடுக்க மறந்துவிட்டாள். கடைசியாக அவள் மருந்து வைத்த கால் இடுக்க வேண்டாத கால். கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

சொட்டு விழுந்ததும் ஆனந்தனின் கை மடியைவிட்டுப் பறந்தது. அவள் சேலையெல்லாம் ரத்தம் தெறித்தது. அதற்குப் பிறகுதான் அவன் வாயிலிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் முட்டியது. பட்டறையில் நாலு பேர் பழைய ஞாபகத்தில் சிரித்தார்கள்.

சாராள் சிரிக்கவில்லை. வெறும் மடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவன் கையை எட்டிப் பிடித்து, இந்தத் தடவை அக்குளில் இறுக்கி, துணியைச் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே பேசினாள். சத்தமாகத்தான் பேசினாள், தேய்க்கிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"ஆனந்தா, மொதல்ல உன் கை பின்னால போச்சு. அப்பறம்தான் சத்தம் வந்துச்சு. எல்லாருக்கும் அப்டித்தான். எங்கூட்டு ஆளுக்குச் சத்தம் மட்டுந்தான் வந்துச்சு. பன்னெண்டு நாளும் கால் என் மடியிலயே கெடந்துச்சு. நான் அதப் பெருமையா சொல்லிகினு திரிஞ்சேன்."

துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"ஆஸ்பத்திரி ஒண்ணும் கொல்லல. எம்பொண்ணு ஒண்ணும் பண்ணல. செத்த கால்ல ஒத்தடம் வெச்சு வேக வெச்சவ நான்."

கட்டின் முடிச்சை இறுக்கினாள். அவன் கை மறுபடி இழுத்தது. வலிக்கிறதாக்கா என்று அவன்தான் அவளைக் கேட்டான். அவள் எழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி, பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தாள்.